ரிவர்ஸ் கியரில் ஒரு தீர்த்தவாரி

ஒரு தெய்வம் ரிவர்ஸ் கியரில் பயணம் செய்தால், அது முன்னோக்கிப் போவதாகக் கொள்ள வேண்டுமா, பின்னோக்கிப் போவதாகவா? சமூகப்பணியில் முதுகலை படித்த காலத்தில் என்னிடம் எவரும் இப்படியொரு கேள்வியைக் கேட்டதில்லை. மாசி மகத்தன்று காலை, வில்லியனூருக்கு அப்பால், இரு பக்கமும் கரும்பு நின்ற ஒரு குறுகிய சாலையில் எங்கள் தெரு அம்மனைச் சுமந்து வந்த பிக்கப் வண்டி நின்றுபோனது. அப்போது, நான் உட்பட அங்கிருந்த அனைவரும் அதற்கு உடனடியாக விடை காண வேண்டியிருந்தது.

அந்த வண்டியை வாங்கியது எங்கள் தெருப் பெண்கள் குழு. குழுவின் தலைவி என் அத்தை. களையெடுப்பு, நடவு, அறுப்பு என்று பிறர் கழனிகளில் வேலை செய்துவந்த பெண்கள், குத்தகை நிலத்தில் கத்தரியும் வெண்டையும் போடத் தொடங்கியபோது, அவற்றைச் சந்தைக்குக் கொண்டுபோக ஒரு வண்டி தேவைப்பட்டது. நகரத்தில் முழங்கால் வலிக்காரர் ஒருவர் தமது பழைய பிக்கப்பை விற்க முயன்று கொண்டிருந்தார். ஆட்டோமேட்டிக் கியர் என்பதால் எந்த ஓட்டுநரும் அதன் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அத்தைக்கோ அதுவே காரணமாகிவிட்டது. "கிளட்ச் இல்லன்னா நாங்களே கத்துக்கலாம்ல? எவனையும் கெஞ்ச வேணாம்" என்றார். அவருடைய தர்க்கத்தில் நான் ஒரு குறையும் காணவில்லை. இன்றும் காணவில்லை.

ஆனால் பெண்கள் எவரும் கற்றுக்கொள்வதற்குள் ஓட்டுநர் இருக்கையில் என் பெரியப்பா மகன் ஏறி அமர்ந்துவிட்டார். அண்ணன் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஷிப்டு ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டியவர். பல ஆண்டுகள் கிளட்சை மிதித்த அவரது இடது கால், புதிய வண்டியில் தனக்கு வேலையில்லை என்பதை ஏற்க மறுத்தது. எனவே அது பிரேக்கை எடுத்துக்கொண்டது. வலது கால் ஆக்சிலேட்டரில், இடது கால் பிரேக்கில். வண்டியிடம் ஒரே நேரத்தில் "போ" என்றும் "போகாதே" என்றும் சொல்வது அவருடைய பாணியாயிற்று. இதை நான் இரண்டொரு முறை சுட்டிக்காட்டினேன். "நீ படிப்பப் பாரு பாப்பா" என்றார். படிப்பு முடிந்து நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது.

அந்த நாள் ஏன் முக்கியமானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் தெருவுக்கு அம்மன் உண்டு, வாகனம் இருந்ததில்லை. அதனால் மாசி மகத்துக்கு, சங்கராபரணி ஆற்றில் தீர்த்தவாரிக்கு அம்மனைக் கொண்டுபோக, நிலக்காரர்கள் வாழும் பெரிய தெருவிலிருந்து ஆண்டுதோறும் ஒரு டிராக்டர் வரும். வாடகையில்லாமல் வரும். மரியாதையாகவும் வரும். ஆனால் பெரிய தெரு அம்மன் கிளம்பிய பிறகுதான் வரும். அவர்கள் அம்மன் நீராடிக் கரையேறிய பிறகுதான் எங்கள் அம்மன் ஆற்றில் இறங்குவாள். அவர்கள் திரும்பும்போது, புடவை காய்ந்ததோ இல்லையோ, எங்களவளும் திரும்பியாக வேண்டும். இதை நிபந்தனை என்று எவரும் சொன்னதில்லை. டிராக்டருக்கு நேரமாகிறது என்றுதான் சொன்னார்கள்.

அந்த ஆண்டு அத்தை பெரிய தெருவுக்கு நேரில் போய், "இந்த வருசம் டிராக்டர் வேணாங்க. எங்க வண்டியிலயே இட்டுனு போறோம்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். நல்ல விதமாகத்தான் சொன்னார். ஆனாலும் அது திரும்பப் பெற முடியாத சொல். அம்மன் சொந்த வண்டியில் ஆற்றுக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் டிராக்டரை அத்தைதான் போய்க் கேட்க வேண்டியிருக்கும்.

காலையில் வண்டிக்குப் பூசை நடந்தது. பிக்கப்பின் பெட்டியில், முன்கூரைக்கும் மேலே தலை தெரியும்படி மேடை கட்டி, அதன்மேல் பீடத்தை வைத்து அம்மனை முன்பக்கம் பார்க்க அமர்த்தினோம். இரு பக்கமும் வாழைமரம் கட்டினோம். அவை பக்கக் கண்ணாடிகளை முழுமையாக மூடின. முன்னால் போகிற வண்டிக்குப் பின்னால் என்ன பார்வை என்று அண்ணன் சொல்லிவிட்டார். பூசாரி சந்தனக் கிண்ணத்துடன் உள்ளே ஏறி, ஸ்டீயரிங்கில் தொடங்கி, டாஷ்போர்டில் வட்டமாகத் தெரிந்த ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அவர் பகலில் பிள்ளையார்குப்பத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் காவலாளி; எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவர். கியர்பெட்டி சூடானால் எரியும் சிறிய மஞ்சள் விளக்குக்கும் ஒரு பொட்டுக் கிடைத்தது.

ஊர்வலம் கிளம்பியது. மேளம் முன்னால், ஆண்கள் அதற்குப் பின்னால், பிறகு அம்மன் வண்டி. வண்டிக்கும் பின்னால், புகையைக் குடித்தபடி, தாம்பாளத் தட்டு ஏந்திய பெண்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கற்பூரம், ஒவ்வொரு வாசலிலும் தேங்காய். அண்ணன் கியரை மாற்றாமல், இரண்டு பெடலையும் மிதித்தபடி, மனித நடையைவிட மெதுவாக வண்டியை நகர்த்தினார். இடையில் ஒரு கருகிய வாசம் வந்தது. சாம்பிராணி என்று நினைத்தோம். பெட்டியில் நின்ற பூசாரி அதை ஒருமுறை ஆழ்ந்து இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஊர் எல்லையைத் தாண்டிக் கரும்புச் சாலைக்கு வந்ததும் அது நேர்ந்தது. அண்ணன் ஆக்சிலேட்டரை மிதித்தார். எஞ்சின் உறுமியது. சக்கரங்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

"இன்னாடா ஆச்சு?" என்று அத்தை பின்னாலிருந்து வந்தார்.

"ஒண்ணும் ஆவல அத்த. வண்டி கத்துது, போவல."

"கத்தறதுக்கு மேளம் இருக்குது. நீ போவறதப் பாரு."

எங்கள் பக்கத்தில் வண்டி நின்றால் செய்வது ஒன்றுதான்: இறங்கித் தள்ளுவது. ஆண்கள் தள்ளினார்கள். தள்ளும்போது நகர்ந்தது, விட்டால் நின்றது. அண்ணன் வில்லியனூரில் தமக்குத் தெரிந்த மெக்கானிக்குக்கு போன் செய்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ரெண்டாவது கியர்ல போட்டு, தள்ள சொல்லி, கிளட்ச உடு."

"கிளட்ச் இல்லண்ணே."

"இல்லன்னா? கழண்டுடுச்சா?"

"வண்டியிலயே இல்லண்ணே. ஆட்டோமேட்டிக்கு."

"கிளட்ச் இல்லாத வண்டிய எவன்டா வாங்கினது?"

"நான்தான் வாங்கினன். இன்னா இப்ப?" என்றார் அத்தை. அழைப்பு துண்டிக்கப்பட்டது. சிக்னல் போய்விட்டது என்று அண்ணன் விளக்கம் சொன்னார்.

நான் என் போனில் அந்த வண்டியின் கையேட்டைத் தேடி எடுத்தேன். எதையும் முதலில் படித்துப் பார்ப்பது என் சுபாவம். அதில் பெருமையுமில்லை, வெட்கமுமில்லை. சூடு தணியவிடச் சொன்னது, தணியவிட்டோம். எஞ்சின் ஓடும்போதே கியர்பெட்டி எண்ணெயைப் பார்க்கச் சொன்னது. எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தோம். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் கஷாய நிறத்தில், நாங்கள் சாம்பிராணி என்று நம்பிய அதே வாசத்துடன் இருந்தது. டாஷ்போர்டில் குங்குமத்தைச் சுரண்டிப் பார்த்தேன். மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எப்போதிருந்து எரிகிறது என்பது அம்மனுக்கும் அந்த விளக்குக்கும் மட்டுமே தெரியும்.

"ஒவ்வொரு கியரா போட்டுப் பாக்கலாம்ணா" என்றேன்.

அண்ணன் லீவரை நகர்த்தினார். பார்க்கிங்கில் நின்றது, சரி. நியூட்ரலில் நின்றது, அதுவும் சரி. டிரைவில் நின்றது, அதுதான் குறை. பிறகு ரிவர்ஸ். கயிறு அறுத்த கன்றுபோல் வண்டி பின்னோக்கித் தாவியது. பெண்கள் சிதறினார்கள். ஒரு தாம்பாளம் வாழைப்பழங்களுடன் சாலையில் உருண்டது. வலது பின்சக்கரம் தார் விளிம்பிலிருந்து மண்ணில் இறங்கி, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அம்மன் மட்டும் அசையவில்லை. கயிறு நன்றாகக் கட்டப்பட்டிருந்தது.

நான் படித்ததைச் சுருக்கிச் சொன்னேன். முன்னே போவதற்கு உள்ளே தனித் தட்டுகள், பின்னே போவதற்குத் தனித் தட்டுகள். முதல் வகை வெந்துபோயிருக்க வேண்டும்.

"அப்ப முன்னால போவாது, பின்னால போவும். அவ்ளோதான?" என்றார் அத்தை.

"அவ்ளோதான் அத்த."

இதற்குள் பெரிய தெருவின் ஊர்வலம் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. சாலையில் இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று தாண்ட இடமில்லை. அவர்களுடைய அம்மன் டிராக்டர் பெட்டியில், எங்களவளுடைய முதுகைப் பார்த்தபடி வெயிலில் காத்திருந்தாள். டிராக்டரை ஓட்டி வந்தவர், அத்தை பல பருவங்கள் வேலை செய்த கழனியின் சொந்தக்காரர். கெட்டவர் அல்லர். சிரிக்கத் தெரிந்தவர்.

"இன்னாமா, உங்க அம்மா இங்கயே எறங்கிக்கிதாமா?"

"கொஞ்சம் பொறுங்க. வண்டி மக்கர் பண்ணுது."

"கயிறு இருக்குது. கரும்பு கொஞ்சம் நசுங்கினாலும் பரவால்ல, நான் கழனில எறங்கி முன்னால வந்து, கட்டி இழுத்துக்குறன். எப்பவும் போல."

அந்தக் கடைசி இரண்டு சொற்களை அவர் எந்த உள்நோக்கமும் இல்லாமல்தான் சொன்னார். அத்தையின் முகம் இறுகியது.

நான் குறுக்கிட்டேன். ஆட்டோமேட்டிக் வண்டியைச் சக்கரம் தரையில் உருளக் கட்டி இழுத்துப்போகக் கூடாது, மிச்சமிருக்கும் கியரும் போய்விடும் என்று கையேடு சொன்னதை வாசித்துக் காட்டினேன். ஒரு தொழிற்சாலையின் எச்சரிக்கை வாசகம் சமூகநீதியின் பக்கம் வந்து நின்றதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"படிச்ச புள்ள சொன்னா சரிதான்" என்றார் அவர். "அப்ப உங்க அம்மாவத் தூக்கி எங்க பெட்டியில வச்சிடுங்க. ஓரமா எடம் இருக்குது."

"எங்க அம்மா எங்க வண்டியிலதாங்க வரும்."

"எந்த வண்டிமா? இது வண்டியா, கல்யாண மண்டபமா? நவுரவே மாட்டேங்குதே."

டிராக்டருக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எங்கள் ஆட்களிலும் சிலர் சிரித்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். நான் விளைவுகளை எடைபோட்டேன். சம்மதித்தால் யாருக்கும் காயமில்லை, அம்மன் நீராடுவாள், பழைய ஏற்பாடு பழையபடி தொடரும். மறுத்தால் இரண்டு தெருச் சனமும் வெயிலில் வேகும். மறியல் செய்கிறோம் என்று பேச்சு வரும். அடுத்த வாரம் கரும்பு வெட்டுக்கு யாரைக் கூப்பிடுவது என்று முடிவுசெய்யும்போது இந்தச் சாலை சிலருக்கு நினைவுக்கு வரும். ஓரமாக இருக்கும் அந்த இடத்தை ஏற்றுக்கொள்ளலாம் என்று சொல்ல நான் வாயெடுத்ததும் உண்மை. அத்தை முந்திக்கொண்டார்.

"பின்னால போவும்னா பின்னாலயே போவோம். வண்டியத் திருப்பிக்கினு, ஆத்துப் பக்கம் முதுகு வச்சிக்கினா முடிஞ்சுது."

பூசாரி மேடையிலிருந்து எட்டிப் பார்த்தார். "அம்மாவ முதுகு காட்டிக்கினு ஆத்துக்கு இட்டுனு போவியா நீ?"

"அம்மாவயும் திருப்பி வை."

"அலங்காரம் முடிஞ்ச அப்பால பீடத்த அசைக்கக் கூடாது. தீர்த்தவாரி முடியணும். உனுக்குத் தெரியாதா?"

"தெரியும். அம்மாகிட்டயே பூ கேளு."

பூ கேட்பது எங்கள் தெருவில் கடைசி நீதிமன்றம். அம்மனின் இரு தோள்களிலும் ஒவ்வொரு பூவை ஒட்டவைத்து, கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். வலது தோள் பூ விழுந்தால் சம்மதம். இடது விழுந்தால் மறுப்பு. சாதாரண நாட்களில் பூ விழுவதற்குள் இரண்டு பேருக்கு மயக்கமே வந்துவிடும். பூசாரி ஈரப்படுத்திய அரளியை இரு தோள்களிலும் வைத்து, "தாயே, உன்னத் திருப்பி வைக்கலாமா, சொல்லு" என்றார். எல்லோரும் கைகூப்பினார்கள். அண்ணன் மரியாதைக்காக எஞ்சினை அணைக்கக் கையை நீட்டினார்.

"ஆப் பண்ணாதடா" என்றார் அத்தை, மிகத் தாழ்ந்த குரலில். "அப்புறம் ஸ்டார்ட் ஆவலன்னா?"

எஞ்சின் ஓடியது. வண்டி வலப்பக்கமாகச் சாய்ந்து நின்றபடி நடுங்கியது, மேடை நடுங்கியது, அம்மனின் மூக்குத்தி நடுங்கியது. பூசாரி கேள்வியை இரண்டாம் முறை சொல்லி முடிப்பதற்குள் வலது தோள் பூ விழுந்துவிட்டது.

சாய்ந்த பரப்பில் அதிரும் பொருள் எந்தப் பக்கம் சரியும் என்பதை நான் பள்ளியிலேயே படித்திருக்கிறேன். அதை அந்தச் சபையில் அறிவிப்பதால் யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை என்று யோசித்தேன். நான் பார்ப்பதை அத்தை பார்த்துவிட்டார்.

"இன்னாடி பாக்குற? கன்னத்துல போட்டுக்க."

போட்டுக்கொண்டேன்.

அடுத்து வண்டியைத் திருப்ப வேண்டும். கரும்பு ஏற்ற வண்டிகள் இறங்கும் ஒரு மண்பாதை, சற்றுப் பின்னால், டிராக்டர் நின்ற இடத்தில் இருந்தது. எங்கள் வண்டி ரிவர்சில் அதற்குள் போய், நியூட்ரலில் போட்டு ஆண்கள் தள்ள, மூக்கை ஊர்ப் பக்கமும் வாலை ஆற்றுப் பக்கமும் வைத்து வெளியே வர வேண்டும். அதற்கு டிராக்டர் வழிவிட வேண்டும். கழனிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே டிராக்டரைப் பின்னால் எடுத்தார். பெட்டியில் இருந்த அவர்களுடைய அம்மனும் சேர்ந்து பின்னோக்கிப் போனாள்.

பூசாரி அதை வாயைப் பிளந்து பார்த்தார். "அவங்க பூவே கேக்கலியே" என்றார்.

பீடத்தின் கயிற்றை அவிழ்த்து, அம்மனை வண்டியின் வால்பக்கம் பார்க்கத் திருப்பிக் கட்டினார்கள். இப்போது அவள் ஆற்றைப் பார்த்தாள். வண்டியின் மூக்கும் டிராக்டரின் மூக்கும் நேருக்கு நேர் நின்றன. டிராக்டர் பக்கம் ஒதுங்கியிருந்த மேளக்காரர்கள் வழக்கம்போல் முன்னால் வரப் பார்த்தார்கள். கரும்புக்கும் வாழைமரத்துக்கும் இடையில் தவில் நுழையவில்லை. தட்டு ஏந்திய பெண்கள், திருப்பும்போது ஒதுங்கி நின்ற இடத்திலேயே, அம்மனுக்கு முன்னால் இருந்தார்கள்.

அண்ணனுக்கு எதுவும் தெரியவில்லை. பின்கண்ணாடியை மேடை மறைத்தது. பக்கக் கண்ணாடிகளை வாழை மறைத்தது. அத்தை தமது போனிலிருந்து வீடியோ அழைப்பு போட்டு வழி காட்டுவதாக ஏற்பாடாயிற்று. சிறிது தூரத்துக்கு அண்ணன் அத்தையின் மோவாயைப் பார்த்தபடி வண்டி ஓட்டினார். பிறகு அது வேண்டாமென்று, அத்தை முன்னால் நடந்து கையைக் காட்ட, நான் ஓட்டுநர் பக்கப் படியில் தொற்றிக்கொண்டு உள்ளே சொல்வது என்று முடிவாயிற்று. அண்ணனின் இடது காலை மடித்து இருக்கைமேல் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அன்று அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

"லெப்டு ஒடி. ஒடி. போதும், நேரா உடு."

"அத்த, நேரான்னா எனக்கு நேராவா, உனக்கு நேராவா?"

"அம்மாவுக்கு நேரா."

கரும்பை நசுக்காமல் டிராக்டருக்கு எங்களைத் தாண்ட வழியில்லை. ஆற்றங்கரை வரைக்கும் கழனிக்காரரும் அண்ணனும் எங்கள் வண்டியின் முன்கண்ணாடி வழியே ஒருவரையொருவர் பார்த்தபடியே வர வேண்டியிருந்தது. முதலில் முறைத்தார்கள். பிறகு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தவித்தார்கள். ஒரு வளைவில் கழனிக்காரர் எங்கள் வாழைமரம் மின்கம்பத்தில் இடிக்கப் போவதைக் கண்டு ஹாரன் அடித்து, "ரைட்டு ஒடிடா, ரைட்டு" என்று கத்தினார். அதற்குப் பிறகு பாதி வழியை அவரும் சொல்லிக்கொண்டு வந்தார்.

தீர்த்தவாரி நடக்கும் திருக்காஞ்சியில், ஆற்றங்கரையில் நின்ற கூட்டம், பின்பக்கமாக வரும் வண்டியையும் தங்களை நேராகப் பார்த்து வரும் அம்மனையும் கண்டு போன்களை உயர்த்தியது. வரிசையை ஒழுங்குசெய்து கொண்டிருந்த இளைஞர் அருகில் வந்தார். "இது இன்னாக்கா, புது மாடலா?"

"ஆமா" என்றார் அத்தை.

முதலில் வந்தவர்கள் முதலில் இறங்கலாம் என்பது அங்கே வழக்கம். எங்கள் அம்மன் இறங்கினாள். பெரிய தெரு அம்மன் கரையில் காத்திருந்தாள். கழனிக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் அருகில் நின்றார்.

"ஏம்மா, படிச்சவ நீ. ஒண்ணு சொல்லு. வழியெல்லாம் நாங்க உங்களுக்கு முன்னால இருந்தமா, பின்னால இருந்தமா?"

இரண்டுமே என்று சொல்லலாமா என யோசித்தேன். "ஆத்துக்கு வந்துட்டமே" என்றேன். அவர் சிரித்தார். முழுமனதாகச் சிரிக்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். அந்தப் பருவத்தில் கரும்பு வெட்டுக்கு எங்கள் தெருவுக்குச் சொல்லி அனுப்பவில்லை. மறுபருவத்தில் ஆள் கிடைக்காமல் சொல்லி அனுப்பினார்.

அம்மனின் புடவை காயும்வரை இருந்து, அதே ரிவர்சில் ஊர் திரும்பினோம். கியர்பெட்டியைக் கழற்றிப் புதுத் தட்டுகள் போட்டார்கள். வண்டி இப்போது முன்னோக்கி ஓடுகிறது. அம்மனும் முன்பக்கம் பார்த்தே அமர்கிறாள். மீட்டர்கள்மீது பொட்டு வைப்பதில்லை. அத்தை ஓட்டக் கற்றுக்கொண்டு உரிமம் வாங்கிவிட்டார். அண்ணன் மேளத்தோடு நடந்து வருகிறார். தட்டு ஏந்திய பெண்கள் வண்டிக்கு முன்னால் போகிறார்கள். பெரிய தெருவில் டிராக்டர் கேட்க யாரும் போவதில்லை. எங்கள் அம்மன் ஆற்றுக்கு எப்போது கிளம்புவது என்பதை எங்கள் தெரு தீர்மானிக்கிறது.